புது ஆட்டம் ஒன்று: அதன் கணக்கும் கருவியும்

(தென்காசியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காசி விசுவநாதர் கோபுரத்துக்கு இவ்வளவு அருகில் நின்றுகொண்டு சூதாட்ட மேசையைப் பற்றி ஒருவன் பேசப்போகிறான் என்று அழைப்பிதழில் கண்டதும் நண்பர் சிலர் முகஞ்சுளித்ததாகக் கேள்விப்பட்டேன். திருவள்ளுவர் பெயரால் ஒரு கழகம் நெடுங்காலமாகக் குறள் வளர்த்துவரும் ஊர் இது. அந்தக் குறளின் 94-ஆம் அதிகாரமோ முழுவதும் சூதைக் கடிவதற்கென்றே அமைந்தது. ஆகையால் அவர்கள் சுளித்தது நியாயம்தான். ஆனாலும் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே தென்காசியிலிருந்து அரசாண்ட அதிவீரராம பாண்டியர், தமக்குக் காவியப் பொருளாகக் கிடைக்கக்கூடிய ஆயிரம் கதைகளையும் ஒதுக்கிவிட்டு, சூதில் நாடிழந்த நளன் கதையையே எடுத்து நைடதமாகப் பாடினார் என்பதை அந்த நண்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். மதுரையைப் பறிகொடுத்துத் தெற்கே வந்து தங்கிய மரபில் பிறந்தவர் அவர். இழப்பின் இலக்கணம் அவருக்கு ஏட்டில் படித்துத் தெரியவேண்டியதாக இருந்திராது.

என் விஷயம் சூதாடுவது நன்றா தீதா என்பதன்று. அதை வள்ளுவர் முடித்துவைத்துவிட்டார். கேசினோ எனப்படும் சூதாட்ட விடுதியில் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் இதுவரை இல்லாத ஓர் ஆட்டத்தை ஒருவன் அமைக்க நினைத்தால், அவன் என்னென்ன யோசிக்க வேண்டும், அதற்குரிய உபகரணங்களை எங்கிருந்து தேட வேண்டும் என்பதே விஷயம். இதைக் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சம்பந்தமில்லாத பேச்சென்று நினைப்பவர்கள், நாட்டு மருந்துக் கடைக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கட்டும்.

அங்கே கடுக்காய், நெல்லி வற்றல் இவற்றோடு திரிபலையில் மூன்றாவதாகச் சேரும் தான்றிக்காயும் ஒரு சாக்கில் இருக்கும். வடமொழியில் விபீதகம் என்று வழங்கும் இந்தத் தான்றிதான் நம் ஏடுகள் அறிந்த மிகப் பழைய சூதாட்டக் கருவி. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடி ஒருவன் தன் மனைவியையும் மானத்தையும் இழந்து புலம்பும் 34-ஆம் சூக்தத்தில் உருளுகின்ற காய் இதுவே. கொட்டைகளை அள்ளிப் போட்டு, நான்கு நான்காகக் கழித்து, மிச்சமில்லாமல் தீர்ந்தால் கிருதம், மூன்று மிஞ்சினால் திரேதை, இரண்டு மிஞ்சினால் துவாபரம், ஒன்று மிஞ்சினால் கலி என்று கொண்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. அந்தக் கணக்கில் ஒன்று விழுவது தோல்வி. நம் வீட்டுத் தாயத்திலோ ஒன்று விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். ஒரே நாட்டில் ஒரே எண்ணுக்கு இரண்டு ஆட்டங்கள் இப்படி நேர்மாறான தலைவிதியை எழுதியிருப்பது விநோதமே.

மகாபாரதத்தின் ஆரணிய பருவத்தில் நளன் மீண்டெழும் கட்டம் இந்தத் தான்றி மரத்தடியில்தான் நடக்கிறது. தேரோட்டியாக மறைந்து வாழும் நளனுக்கு, அயோத்தி மன்னன் இருதுபன்னன் வழியில் நின்ற ஒரு தான்றி மரத்தைக் காட்டி, அதன் இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலைகளும் 2,095 காய்களும் இருப்பதாகப் பார்த்தமாத்திரத்தில் சொல்கிறான். நளன் நம்பாமல் இறங்கி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. எண்ணும் வித்தையையும் சூதின் இரகசியமாகிய அட்ச ஹிருதயத்தையும் இருதுபன்னன் கற்பிக்க, நளனைப் பிடித்து அவனுக்குள் இருந்த கலிபுருஷன் வெளியேறி அந்தத் தான்றிக்குள்ளேயே புகுந்துகொள்கிறான். ஒரு பகுதியை எண்ணி முழுமையை மதிப்பிடும் புள்ளியியல் அறிவும் சூதும் உடன்பிறப்புகள் என்பதற்குப் பழைய சான்று என்று, நிகழ்தகவுக் கணிதத்தின் வரலாறு எழுதிய இயன் ஹாக்கிங் என்னும் கனடிய அறிஞர் 1975-இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கட்டத்தை எடுத்துக்காட்டினார். நமக்கு அது புராணம். அவருக்கு அது கணித வரலாறு.

நளன் கதையில் இரண்டு விதமான சூது இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் நளன் தோற்பது கருவி கெட்டுப்போனதால். காயிலேயே தெய்வக் குற்றம் புகுந்துவிட்டது. இரண்டாம் ஆட்டத்தில் வெல்வது கணக்குத் தெரிந்ததால். சகுனியின் வெற்றியும் முதல் வகையைச் சேர்ந்ததென்றே நம் கதைகள் சொல்லிவந்திருக்கின்றன. எதிராளியோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து, விதியில் தனக்கொரு சலுகையும் இல்லாமல் ஆடுகின்றவன் நிச்சயமாக வெல்லவேண்டுமென்றால், அவன் காயைக் கெடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை. கேசினோவோ இதற்கு நேர் எதிரானது. அதன் வரும்படி விதிக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், காய் எவ்வளவுக்கெவ்வளவு உண்மையாக உருளுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு அதற்கு நிம்மதி. உலகத்தில் மிக நேர்மையான பகடைகள் மிக இரக்கமில்லாத கட்டிடங்களுக்குள் இருப்பதன் காரணம் இதுதான். புது ஆட்டம் செய்யப் புறப்படுபவன் இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளாவிட்டால், அவன் செய்யும் மற்ற வேலை எல்லாம் வியர்த்தம்.

அந்த நேர்மைக்குக் கொடுக்கப்படும் விலையைக் கேளுங்கள். கேசினோவில் உருட்டும் பகடை வழக்கமாக முக்கால் அங்குலக் கனசதுரம். செல்லுலோஸ் அசிடேட் என்னும் கண்ணாடி போன்ற பொருளில் செய்தது. உள்ளே ஈயமோ பாதரசமோ ஒளிக்க இடமில்லாதபடி ஒளி ஊடுருவும். பக்கங்களின் அளவில் ஓர் அங்குலத்தின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகு கூடாது. புள்ளிகளுக்காகத் தோண்டிய குழிகளைப் பகடையின் அடர்த்திக்குச் சமமான சாயத்தால் நிரப்பி மட்டமாக்குகிறார்கள். விளிம்புகள் மழுங்காமல் கூராக இருக்கும். ஒவ்வொன்றிலும் விடுதியின் முத்திரையும் எண்ணும் பொறித்திருக்கும். சில மணி நேரம் உழைத்தபின் அடையாளமிட்டுச் செல்லாததாக்கி ஒதுக்கிவிடுவார்கள். மொகஞ்சதாரோவில் பகடை கிடைத்தது, கீழடியில் யானைத் தந்தத்தில் பகடை கிடைத்தது என்று நாம் பெருமை கொள்கிறோம், கொள்ளவேண்டியதுதான். ஆனால் அந்தப் பகடைகளில் ஒன்றையேனும் இன்றைய விடுதி மேசை ஏற்காது.

கருவி சற்றே கெட்டால் கெடுவது விடுதிதான் என்பதற்கு மாண்டி கார்லோவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. யார்க்ஷயர் பகுதியில் நெசவாலைத் தொழிலில் இயந்திரங்களோடு பழகிய ஜோசப் ஜாகர் என்பவர், சுழலும் எந்தச் சக்கரமும் முழுமையாகச் சமநிலையில் இருக்க முடியாது என்று தம் தொழிலறிவால் அனுமானித்து, அங்குள்ள ரூலட் சக்கரங்களில் விழும் எண்களைக் குறித்துவரச் செய்து, சாய்வுள்ள சக்கரத்தைக் கண்டுபிடித்துப் பெரும் பொருள் வென்றார். கணக்கில் அந்தச் சக்கரம் விடுதிக்கு முப்பத்தேழில் ஒரு பங்கு கொடுத்திருக்க வேண்டும்; இரும்பில் இருந்த குறை அந்தக் கணக்கைத் தின்றுவிட்டது.

இனி நம் பக்கத்து ஆட்டம் ஒன்று கேசினோ மேசைக்கு ஏறிய வரலாற்றைப் பார்ப்போம். மங்காத்தா என்றும் உள்ளே வெளியே என்றும் நாம் சொல்லும் சீட்டாட்டத்தை அறியாத திருவிழா நம் நாட்டில் இல்லை. குற்றாலத்தில் சாரல் காலத்தில், வெள்ளம் பெருகி அருவியில் குளிக்கத் தடைபோட்ட நாட்களில், வாடகை அறைகளில் பாய் விரித்து நேரம் போக்குகிறவர்களுக்கும் அது புதிதன்று. ஒரு சீட்டைத் திருப்பிவைத்து, அதே மதிப்புள்ள இன்னொரு சீட்டு இரு பக்கங்களில் எந்தப் பக்கம் முதலில் விழும் என்று பணம் கட்டுவது, அவ்வளவுதான். அதையே அந்தர் பாஹர் என்ற பெயரில் கோவாவின் கேசினோக்களில் பச்சை விரிப்பின்மேல் ஆடுகிறார்கள்.

இரண்டு பக்கமும் சமம் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். சமமன்று. ஒரு சீட்டுத் திறந்தபின் மிச்சம் 51. அவற்றில் பொருந்துகின்ற சீட்டுகள் மூன்று. அந்த மூன்றும் 51 இடங்களில் அமையக்கூடிய வகைகள் 20,825. முதற் சீட்டு எந்தப் பக்கத்தில் போடப்படுகிறதோ அந்தப் பக்கத்துக்குச் சாதகமானவை 10,725, மற்றதற்கு 10,100. அதாவது முதற் பக்கம் நூற்றுக்கு ஐம்பத்தொன்றரை. இரண்டாம் பக்கம் நாற்பத்தெட்டரை. ஊரில் ஆடும்போது சீட்டுப் போடும் கை மாறிமாறி வருமானால், இந்த அற்பச் சாதகமும் ஆளுக்காள் சுற்றிவந்து கடைசியில் ஒருவரிடமும் தங்காது. விடுதியில் கை மாறுவதே இல்லை. அதோடு, முதற் பக்கத்தில் வென்றவருக்கு நூறு ரூபாய்க்குத் தொண்ணூறு ரூபாய் மட்டும் கொடுப்பது, இரண்டாம் பக்கத்தில் வென்றவருக்கு முழு நூறும் கொடுப்பது என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். விளைவு: முதற் பக்கத்தில் கட்டிய ஒவ்வொரு நூறிலும் விடுதிக்குச் சராசரி இரண்டு ரூபாய் பதினைந்து காசு, இரண்டாம் பக்கத்தில் ஏறத்தாழ மூன்று ரூபாய். ஆட்டத்தில் புதிதாகச் சேர்த்தது ஒன்றுமே இல்லை. பத்து ரூபாயைக் கத்தரித்ததுதான் புதுமை. இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லலாமா என்று கேட்பீர்களானால், கேசினோத் தொழிலில் இதைத்தான் கண்டுபிடிப்பு என்கிறார்கள் என்று பதில் சொல்வேன்.

மூன்று சீட்டுக்கும் இப்படியொரு சரித்திரம் உண்டு. டெரெக் வெப் என்ற ஆங்கிலேயர் 1994-இல் த்ரீ கார்டு போக்கர் என்றொரு மேசை ஆட்டத்தை அமைத்தார். 1999-இல் அதன் அமெரிக்க உரிமையை ஷஃபிள் மாஸ்டர் என்ற ஸ்தாபனம் வாங்கியது. மூன்று சீட்டுகளை வைத்து ஆடும் ஆட்டம் நமக்கும் உண்டு, ஆங்கிலேயருக்கும் பழைமையாக உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 52 சீட்டுகளில் மூன்றை எடுக்கும் வகைகள் 22,100. அவற்றில் மூன்று ராஜா, மூன்று ஆஸ் என்று ஒரே மதிப்பில் மூன்று சேர்வது 52 வகை. ஒரே ஜாதியில் தொடர்ச்சியாக மூன்று சேர்வது 48 வகை. அரிதானதே உயர்ந்ததென்றால் இரண்டாவதுதான் மேல். நம் நாட்டு வழக்கிலோ மூன்று ஆஸ்தான் சக்கரவர்த்தி. நாலு வகை வித்தியாசத்துக்காக அதை நாம் சிங்காசனத்திலிருந்து இறக்கவில்லை. வெப் இறக்கினார். அவர் ஆட்டத்தில் ஜாதித் தொடர்ச்சிக்கு நாற்பது மடங்கு, மும்மைக்கு முப்பது மடங்கு, வெறுந்தொடர்ச்சிக்கு ஆறு, ஒரே ஜாதிக்கு நாலு, ஜோடிக்கு ஒன்று என்று முதலில் வகுத்த கொடையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், 22,100 முறைக்கு 512 பங்கு விடுதிக்கு மிஞ்சும், நூற்றுக்கு 2.3. ஆடுபவன் நாற்பது மடங்கைக் காண்கிறான். விடுதி 512-ஐக் காண்கிறது.

இவ்வளவு தெரிந்துகொண்டபின், நாமே ஓர் ஆட்டத்தை அமைத்துப் பார்ப்போமா? ஆடுபுலி ஆட்டம் வேண்டாம். மூன்று புலியும் பதினைந்து ஆடும் முழுக்க முழுக்கப் புத்தியால் நகர்பவை. அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையில்லை, ஆகையால் விடுதிக்கும் வேலையில்லை. பல்லாங்குழியும் அப்படியே. தாயத்தை எடுத்துக்கொள்வோம்.

தாயக்கட்டை என்பது நீண்ட பித்தளைக் கட்டை. உருளும் முகங்கள் நான்கு. ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் என்று கொள்வோம். இரண்டு கட்டைகளை உருட்டினால் பதினாறு வகை விழும். வெறுமையும் ஒன்றும் சேர்ந்த தாயம் இரண்டு வகை, ஐந்து இரண்டு வகை, ஆறு ஒன்று, இரண்டும் வெறுமையாகிய பன்னிரண்டு ஒன்று. மறுபடி உருட்டும் உரிமை தருகின்ற இந்த நான்கையும் கூட்டினால் பதினாறுக்கு ஆறு. சரி, பன்னிரண்டின்மேல் ஒருவர் பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான கொடை ஒன்றுக்குப் பதினைந்து. விடுதி தன் பங்காக ஒன்றே ஒன்றைக் குறைத்துப் பதினான்கு கொடுத்தாலும், அதன் ஆதாயம் பதினாறில் ஒரு பங்கு, நூற்றுக்கு ஆறேகால் ஆகிவிடும். ரூலட் சக்கரம் நூற்றுக்கு 2.7 வாங்கும் இடத்தில் இது ஆறேகால் வாங்கினால், ஆடவந்தவன் பை சீக்கிரம் காலியாகும். பை காலியானவன் எழுந்து போய்விடுவான். விடுதிக்கு வேண்டியவன் மெதுவாகத் தோற்பவனே. ஒரு பங்கைக் குறைக்காமல் அரைப் பங்கு, கால் பங்கு என்று குறைக்கலாமே எனின், கொடையில் பின்னம் வந்தால், பணத்துக்கு ஈடாக மேசையில் புழங்கும் வில்லைகளை எண்ணிக் கொடுப்பவர் தடுமாறுவார், ஆட்டம் தேங்கும்.

ஆக, கோளாறு விதியில் இல்லை. கட்டை போதாது என்பதுதான் கோளாறு. வடநாட்டுச் சௌபட் ஆட்டத்தில் மூன்று நீளக்கட்டைகளை உருட்டும் வழக்கம் உண்டு. மூன்றாவது கட்டையைச் சேர்த்தவுடனே வகைகள் பதினாறிலிருந்து 64 ஆகின்றன. கத்தரிக்கும் பங்கும் அந்த அளவுக்கு நுண்மையாகிறது. மூன்றின் கூட்டுத்தொகை பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை வரும். நாலும் அதற்குக் கீழும் 32 வகை, ஐந்தும் அதற்கு மேலும் 32 வகை. இப்படி நடுவே பிளந்து நிற்கும் கணக்கு ஆட்டம் அமைப்பவனுக்குக் கிடைத்த வரப்பிரசாதம். தாழ்வு, உயர்வு என்று மேசையில் இரண்டு கட்டங்கள் போடலாம். ஒன்றுக்கு ஒன்று கொடுக்கலாம். மூன்றும் வெறுமையாக விழுந்தால் தாழ்வில் கட்டியவரும் தோற்பார், மூன்றும் மும்மூன்றாக விழுந்தால் உயர்வில் கட்டியவரும் தோற்பார் என்று மட்டும் ஒரு விதி வைத்தால், இரு பக்கமும் வெல்ல 31, தோற்க 33. விடுதிக்கு 64-இல் இரண்டு பங்கு, நூற்றுக்கு 3.125. பார்வைக்கு மிகவும் சாதுவான விதி. ஆனால் இந்த யுக்தி நம்முடையதென்று மார்தட்ட முடியாது. மக்காவு நகரில் மூன்று பகடை வைத்து ஆடும் சிக் போ ஆட்டத்தில் சீனர் இதையே செய்திருக்கிறார்கள். அங்கே மூன்று பகடையும் ஒரே எண் காட்டினால் சிறியதும் தோற்கும், பெரியதும் தோற்கும். ஆதாயம் 216-இல் ஆறு, நூற்றுக்கு 2.78. நம்முடையது அதைவிடச் சற்றுப் பேராசை பிடித்தது.

கணக்கு இவ்வளவில் நிற்கட்டும். கட்டைக்கு எங்கே போவது? கடைத்தெருவில் விற்கும் பித்தளைத் தாயக்கட்டை வீட்டுக்குப் போதும், விடுதிக்கு ஆகாது. அதன் புள்ளிகள் குழிகள். வெறுமை முகத்துக்கு எதிர்முகத்தில் மூன்று குழிகள் இருந்தால் அந்தப் பக்கம் உலோகம் குறைந்து இலேசாகிறது. இலேசான முகம் மேலே வரப் பார்க்கும். ஆகவே மூன்று அதிகமாக விழும். அதனால் உயர்வு அதிகமாக வெல்லும். உயர்வின் வெற்றி வாய்ப்பு கணக்குப்படி நூற்றுக்கு 48.4, அது ஐம்பதைத் தாண்டினால் விடுதியின் ஆதாயம் மறைந்து நஷ்டம் ஆரம்பிக்கும். நடுவே இருக்கும் இடைவெளி ஒன்றரைப் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மேசையோரம் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஒரு ஜாகர் அதைக் கண்டுகொள்ள எத்தனை நாள் ஆகும்? ஆகவே குழிகளை அதே எடையுள்ள பொருளால் அடைக்க வேண்டும். வார்ப்பில் காற்றுக்குமிழ் தங்கிய கட்டையை ஒதுக்க வேண்டும். வார்த்ததோடு நில்லாமல் இயந்திரத்தில் கடைந்து அளவெடுக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கம்மியர்களால் இயலாத காரியமன்று. ஆனால் அவர்களிடம் போய் “தாயக்கட்டை வேண்டும்” என்று கேட்காமல், பிசகு இவ்வளவுக்கு மேல் கூடாதென்று வரைபடத்தோடு கேட்க வேண்டும்.

உருட்டும் விதமும் பார்க்கவேண்டியதே. உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து விடும் நம் முறையில் பழகிய பாட்டிமார் வேண்டிய எண்ணைக் கிட்டத்தட்டக் கேட்டு வாங்கிவிடுவார்கள். அந்தச் சாமர்த்தியத்தை விடுதி பொறுக்காது. கட்டைகளை ஒரு குவளையிலிட்டுக் குலுக்கியோ, உள்ளே தடுப்புகள் வைத்த சரிவுப் பெட்டி வழியாகவோ விழச் செய்ய வேண்டும். இந்தப் பெட்டிக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து மரக்கடைகளிலும் அறுவை ஆலைகளிலும் நன்கு உலர்ந்த மரம் கிடைக்கும். மரச் செப்புச் சாமான்களைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் அம்பாசமுத்திரத்துக் கைவினைஞர்களுக்கு ஒரு குவளை பெரிய வேலையல்ல. மேசை விரிப்பாகப் பத்தமடைக் கோரைப்பாயைப் போடலாமே என்று ஒரு நண்பர் ஆசையோடு கேட்டார். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பாயின் மென்மையைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஆனால் பாயில் இழையோடும் திசை ஒன்று உண்டு, நீளக்கட்டை அந்தத் திசைக்கு இணங்கி உருளும். அச்சிட்ட செயற்கை இழைத் துணியே உசிதம். பத்தமடையைச் சுவரில் அழகுக்கு மாட்டிக்கொள்ளலாம்.

வில்லைகளை மட்டும் இங்கே செய்ய முயல்வது வீண். சுமார் 39 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த வட்டத் தகடுகள் விடுதிக்குள் நாணயம் போலச் செலாவணியாவதால், கள்ளத்தனமாக ஒருவர் செய்துவிடக் கூடாது. அதற்காக உள்ளே மின்னணுச் சில்லு வைத்துத் தயாரிக்கிறார்கள். அந்தத் தொழில் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க ஸ்தாபனங்களிடம் இருக்கிறது. அவற்றில் பெரிய அமெரிக்க ஸ்தாபனமான கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனலை ஜப்பானின் ஏஞ்சல் குழுமம் 2019-இல் வாங்கிவிட்டது. விதைக்கு விதை எடை அதிகம் மாறாத குன்றிமணியையும் மஞ்சாடியையும் தட்டானின் தராசில் படிக்கல்லாகவும் பல்லாங்குழியில் காயாகவும் ஒருங்கே பயன்படுத்திய நம் முன்னோர், இந்தப் பிரச்சினையைக் கொடியிலிருந்தும் மரத்திலிருந்தும் பொறுக்கியே தீர்த்துக்கொண்டார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மேசை தயாரானபின் வேகம். ஐந்து பேர் தலைக்கு நூறு ரூபாய் கட்டி ஒரு மணிக்கு அறுபது முறை உருட்டினால், மேசையில் புரள்வது முப்பதாயிரம், நூற்றுக்கு 3.125 வீதம் விடுதிக்கு வருவது சராசரி தொள்ளாயிரத்து முப்பத்தேழரை ரூபாய். முப்பது முறைதான் உருட்ட முடிந்ததென்றால் அதில் பாதி. அந்த இடத்தில் வேறு மேசை போட்டிருக்கலாமே என்று முதலாளி நினைப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை நீளும் தாயத்தின் அழகெல்லாம் இங்கே குற்றமாகிவிடுகிறது. வெட்டுப்பட்ட காய், மலையேறிய பழம், நாத்தனார்களின் சண்டை எதற்கும் இந்த மேசையில் இடமில்லை. உருட்டு, கூட்டு, கொடு, வாங்கு. இதைச் சொல்லும்போது எனக்கே சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

இத்தனையும் செய்து மேசையை எங்கே போடுவது? தமிழ்நாட்டில் இடமில்லை. 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் ஒரு சட்டம் வந்து, 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பந்தயம் திறமை சார்ந்ததென்று தீர்ப்பளித்தது. லாட்டரிச் சீட்டு 2003-இல் நிறுத்தப்பட்டது. ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கும் திறமை வேண்டுமென்று 1967-இல் அதே நீதிமன்றம் சொன்னபோது, மூன்று சீட்டைப் போல அது முழுக்க அதிர்ஷ்டமன்று என்று பிரித்துக் காட்டியது. நம் மூன்று கட்டை ஆட்டம் ஐயமில்லாமல் மூன்று சீட்டின் பக்கத்தில்தான் நிற்கும். இணையத்தில் நடத்தலாம் என்றால், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசே சட்டமிட்டுத் தடுத்துவிட்டது. மிஞ்சுவது கோவாவும் சிக்கிமும். கோவா தன் 1976-ஆம் வருஷச் சட்டத்தை 1992-இல் திருத்தி ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திர ஆட்டங்களுக்கும், பின்னர் 1996-இல் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் வழிவிட்டது. மாண்டவி நதியில் மிதக்கும் விடுதிகள் அதன் விளைவு. சிக்கிம் 2002-இல் தனிச் சட்டம் செய்தது. அமெரிக்காவின் நெவாடாவுக்குப் போனாலோ, கணிதப் பரிசோதனை அறிக்கையோடு மேசையில் சிலகாலம் வெள்ளோட்டம் விட்டுக் காட்டினால்தான் அங்குள்ள வாரியம் அனுமதி தரும்.

அனுமதி கிடைத்தபின், ஆட்டம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழும். இந்தியாவின் 1970-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம், மூன்றாம் பிரிவின் ‘எம்’ உட்பிரிவில், ஆட்டம் ஆடும் முறை கண்டுபிடிப்பாகாது என்று தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. அமெரிக்காவிலும் 2016-இல் பிளாக்ஜாக் ஆட்டத்தின் ஒரு புது வகைக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டது. நாம் மேலே போட்ட 31-33 கணக்கை நாளைக்கே எதிர் விடுதிக்காரர் எடுத்துக்கொண்டால் கேட்பதற்கு நாதியில்லை. ஆனால் பெயரை வர்த்தக முத்திரையாகப் பதியலாம். கட்டையின், பெட்டியின் வடிவத்தை 2000-ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிந்து பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் காத்துக்கொள்ளலாம். மின்னசோட்டாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஜான் பிரீடிங் என்பவர் சீட்டுக் கலைக்கும் இயந்திரம் செய்வதற்காக ஷஃபிள் மாஸ்டர் ஸ்தாபனத்தை 1983-இல் தொடங்கினார். விடுதிகள் அந்த இயந்திரத்தை வாங்கத் தயங்கியபோது, இயந்திரம் இருந்தால்தான் வசதியாக ஆடமுடியும் என்னும்படி லெட் இட் ரைட் என்றோர் ஆட்டத்தை 1993-இல் அமைத்து, ஆட்டத்தின் மூலம் இயந்திரத்தை விற்றார். அவர் வழியில் போக விரும்பும் தென்காசி இளைஞர் யாரேனும் இந்தச் சபையில் இருப்பாரானால், 64 வகைகளையும் ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்துக்கொண்டு, கோவா கப்பலுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால், கட்டையின் வரைபடத்தோடு நல்ல கடைசல் பட்டறை ஒன்றைத் தேடிப் புறப்படட்டும்.